நெல் விற்ற பணமும் என்.ஐ.டி. சீட்டும்

அக்கா மகளுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில், அதாவது மத்திய அரசின் இன்ஜினியரிங் கல்லூரியில், இடம் கிடைத்ததிலிருந்து மன்னார்குடிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான், எந்த கோச்சிங் சென்டர் என்று. அவள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். கணக்கில் கெட்டி. தினமும் விடியற்காலையில் எழுந்து பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் போட்டுப் பார்ப்பாள், அதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவு படித்தும் அந்த சீட் ஒரு காகிதத்தால் கை நழுவப் பார்த்தது.

"மாமா, நம்மகிட்டதான் பி.சி. சர்டிபிகேட் இருக்கே" என்றாள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அது போதும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களைத் தரும் ஜோசா கவுன்சலிங்கில் அது செல்லாது. அங்கே மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சான்றிதழ் (பிற்படுத்தப்பட்டவர்களில் வசதி மிகுந்த குடும்பம் இல்லை என்பதற்கான சான்று) வேண்டும், அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 27 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிட்டுப் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும்.

இ-சேவையில் போட்டோம், திரும்பி வந்தது. அத்தானுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை, அந்தச் சம்பளத்தோடு சம்பா நெல் விற்ற பணத்தையும் கூட்டி, வருட வருமான வரம்பான எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. 1993-இல் மத்திய அரசு போட்ட உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தால், வருமானக் கணக்கில் அரசுச் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது! (பதவிக்கும் நிலத்தின் அளவுக்கும் தனி விதி உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்த பிறகுதான் கையெழுத்தானது. டெல்டாவில் எத்தனை வீட்டில் இப்படி நெல் பணத்தை நினைத்துப் பயந்து இந்த ஒதுக்கீட்டையே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அப்புறம் மொழி. இந்த இடங்களுக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வை 2021-லிருந்து தமிழிலும் எழுதலாம், ஆனால் விண்ணப்பம் போடும்போதே தமிழ் என்று குறிக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அங்கேதான் இவள் தடுமாறினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இயற்பியல் சொற்களை ஆங்கிலத்திலும் படிக்க வைத்திருக்கலாம், அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. என்.ஐ.டி.க்கு மெயின் ரேங்க் போதும், திருச்சியில் பாதி இடம் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே. ஆனாலும் பிளஸ் டூவைக் கோட்டை விடக் கூடாது, 75 சதவீதம் என்ற நிபந்தனை இருக்கிறது.

கணக்குப் பைத்தியமான பிள்ளைக்கு சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் தனித் தேர்வு வைக்கிறது. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிலையமான ஐசருக்கும் தனித் தேர்வுதான். நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறோம், அங்கே இளநிலையில் சேர கியூட் என்று ஒரு தேர்வு 2022-லிருந்து நடப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

மெயினுக்கு விண்ணப்பம் போடும் நேரம் சம்பா வேலையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும், கவுன்சலிங் மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில். இரண்டு நேரத்திலும் வீட்டில் எல்லோரும் வயலில்தான் இருப்போம். அதனால் ஏப்ரல் முதல் வாரமே தாலுகா ஆபீசுக்குப் போய்விடுங்கள். அந்த 1993 உத்தரவு பிரதி என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.