செருப்ப கழத்துங்க ஆச்சி

பாளையங்கோட்டைல ஸ்கின் ஓபில ஸ்டாஃப் நர்ஸா 11 வருசம் ஆச்சு. மச்சம்னு வாரவங்கள்ல முக்காவாசி பேரு முகத்துல இருக்கத காட்டத்தான் வருவாங்க, கல்யாணம் வருது எடுத்து விடுங்கன்னு, இல்லன்னா கழுத்துல தொங்குற மருவ காட்டி கேன்சரா இருக்குமோன்னு. மரு வேற மச்சம் வேற, தொங்குற மருவால பொதுவா ஒண்ணும் ஆகாது. எனக்கு மறக்க முடியாம கெடக்கது ஒரு குதிங்கால்தான்.

சேரன்மகாதேவி பக்கத்து ஆச்சி, 60 தாண்டிட்டு, இன்னும் நடவுக்கு போறவங்க. வந்தது இடுப்புல படைக்கு. மருந்து எழுதி முடிஞ்சு எந்திரிக்கும்போது கால தாங்கி தாங்கி வச்சாங்க, என்ன ஆச்சி காலுலன்னு கேட்டேன். "அது ஆணிம்மா, ரெண்டு வருசமா கெடக்கு, எருக்கம்பாலு வச்சேன், போவ மாட்டேங்கு." ஒரு எடத்துல கார்ன் கேப்புன்னு ஆணிக்கு ஒட்டுற மருந்து பிளாஸ்டர ஒட்டி விட்டுருக்காங்க, பொறவு பிளேடு வச்சு சீவியும் விட்டுருக்காங்க.

செருப்ப கழத்துங்கன்னு சொல்லி ஸ்பிரிட் பஞ்சால தொடச்சேன். வெடிப்புக்குள்ள இருந்த வயக்காட்டு சேறு வந்துச்சு, அந்த கருப்பு வரல. ஒரு பக்கம் கரி மாதிரி, இன்னொரு பக்கம் காப்பித்தூள் நிறம், ஓரமெல்லாம் ஈரத்தாள்ல மை சொட்டுனாப்புல இழுத்துக்கிட்டு, நடுவுல புண்ணு, பஞ்சு பட்டதும் ரத்தம் கசியுது. ஆணி இப்படி நிறம் பரவாது. டாக்டர் தோல பெருசா காட்டுற டெர்மாஸ்கோப் வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, ஒண்ணும் பேசல, அடுத்து தொடை இடுக்க தடவிப் பாத்தாங்க, நெறி கட்டியிருந்துச்சு.

துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புன பயாப்ஸில மெலனோமான்னு வந்துச்சு, தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுல வார கேன்சர்.

வெள்ளத்தோல்காரங்களுக்கு இது வெயில் படுற எடத்துல வரும். நமக்கு மொத்தத்துலயே அபூர்வம், ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, வெயிலே எட்டாத எடம். பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு 1977ல கால் பெருவிரல் நகத்துக்கு அடியிலதான் கண்டுபிடிச்சாங்க, பந்து வெளையாடும்போது பட்ட அடின்னுதான் முதல்ல நெனச்சாங்க, 1981ல 36 வயசுல போயிட்டாரு. நகத்துல கருப்பு கோடு பல விரல்ல இருந்தா நம்ம தோலுக்கு சாதாரணம், ஒரே விரல்ல புதுசா வந்து, அகலமாயிட்டே போயி, நகத்த தாண்டி சதையிலயும் கருப்பு எறங்குனா நகச்சுத்துன்னு எலுமிச்சம்பழத்த சொருகிட்டு உக்காராதீங்க, காட்டிருங்க.

மச்சத்த நடுவுல மடிச்சா ரெண்டு பாதியும் பொருந்துதா, ஓரம் நேரா இருக்கா, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு நிறமா, பென்சில் பின்பக்க ரப்பர் அளவு 6 மில்லிமீட்டர், அத தாண்டுதா, இதெல்லாம் பாக்கச் சொல்லுவாங்க, சரிதான். ஆனா நான் எல்லார்ட்டயும் மொதல்ல கேக்குறது இது முன்ன இருந்த மாதிரியே இருக்கா, மாறுதா, அவ்வளவுதான். சின்ன வயசுலேர்ந்து அப்படியே கெடக்க வட்ட மச்சத்துக்காக தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம், ஆறு மாசத்துல பெருத்தது, அரிக்கிறது, ரத்தம் கசியுறது, அதுக்கு நாள் தள்ளாதீங்க.

எனக்கு இன்னும் ஆத்தாம தீரல, ஆணின்னு பிளேடு வச்சு சீவி விட்டவங்க அன்னைக்கு அந்த துண்ட குப்பையில போடாம ஒரு ஃபார்மலின் பாட்டில்ல போட்டு டெஸ்டுக்கு அனுப்பிருந்தா. தோலுக்குள்ள 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ள இருக்கும்போதே சுத்தி நல்ல தோலோட வெட்டி எடுத்துட்டா பெரும்பாலானவங்க பொழச்சுக்கிடுதாங்க. நூலு கட்டி அறுக்குறது, சுண்ணாம்பு வச்சு சுடுறது, பார்லர்ல கரிக்கிறது, இதுல எல்லாம் டெஸ்ட் பண்ண ஒரு துண்டு கூட மிஞ்சாது, அடியில இருக்கது அது பாட்டுக்கு எறங்கிட்டே இருக்கும்.

வார்டுல டிரெஸ்ஸிங் பண்ணும்போது ஆச்சி ஒரு நாள் சொன்னாங்க, "உள்ளங்கால் மச்சம் ஊரு சுத்த வைக்கும்னு எங்க அம்மை சொல்லுவா, நான் வயக்காட்ட தாண்டி எங்கம்மா போனேன்." அடுத்த சித்திரையில போயிட்டாங்க.

பேத்தி போன மாசம் வந்துச்சு, காலேஜ் படிக்கிற பிள்ள. அதுக்கும் உள்ளங்கால்ல ஒரு சின்ன மச்சம். போன்ல மூணு போட்டோ காட்டுச்சு, மாசத்துக்கு ஒண்ணா, ஒவ்வொண்ணுலயும் மச்சத்துக்கு பக்கத்துல ஒத்த ரூவா காசு வச்சு எடுத்துருக்கு. மூணையும் டாக்டரும் நானும் மாத்தி மாத்தி பெருசு பண்ணி பாத்தோம். அதே அளவு, அதே நிறம்.