போய் விசாரித்த டொக்டர்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் அம்மா பிள்ளைக்காம்பரா ஆயா, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். மாதத்துக்கு ஒரு நாள் நிறுவை. கூரை விட்டத்தில் வட்டத் தராசு தொங்கும், கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப் பையில் பிள்ளையை இறக்கிக் கொக்கியில் மாட்டினால் அது அலறிக்கொண்டே சுற்றும், முள் ஓரிடத்தில் நிற்காது. மிட்வைஃப் மிஸ் கார்டில் புள்ளி வைப்பார். அம்மா கார்டைப் பார்க்கவே மாட்டார். பிள்ளையின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டு, அது எவ்வளவு நேரத்தில் பழையபடி படிகிறது என்று பார்ப்பார்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மேல் லயத்து (மேலே இருந்த தொழிலாளர் வரிசை வீடுகள்) பையன் ஒருவனைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டே அம்மா, "ரெண்டு மாசமா இவன் ஏறல. மழைக்கு முந்தி தேத்திடணும்" என்று அவனுடைய அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திரிபோஷா என்ற சத்துமா பக்கெட் அவனுக்கென்றுதான் கொடுத்தார்கள், ஆனால் அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒருவனுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுத்து மற்ற மூன்றையும் பார்க்க வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஜூனில் மழை பிடித்தது. ஒரு இரவு அவனுக்கு மூச்சு வாங்கி விலா உள்ளே இழுத்தது. டிஸ்பென்சரியில் ஆள் இல்லை. லொறி கிடைத்து டவுனுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது இதை எழுத வைத்தவர் கார்ல் டெய்லர் என்ற டொக்டர். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தத் தராசுதான் கண்முன் வந்தது.

அவரும் மலையில் பிறந்தவர். 1916இல் இமயமலை அடிவாரத்து லாண்டூரில், மருத்துவ மிஷனரிக் குடும்பத்தில். ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவில் வசதியாக இருந்திருக்கலாம், 1947இல் வட இந்தியாவின் பத்தேகருக்கு மிஷன் ஆஸ்பத்திரி டொக்டராகத் திரும்பி வந்தார். அப்புறம் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோய்த்தடுப்பு மருத்துவம் கற்பித்தார். 1961இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சர்வதேச சுகாதாரத்துக்கென்று ஒரு துறையையே தொடங்கினார்.

எனக்கு இதிலெல்லாம் பெரியது வேறொன்று. அந்தக் காலத்தில் பட்டினியை ஒரு கூட்டம் ஆராய்ந்தது, கிருமியை இன்னொரு கூட்டம் ஆராய்ந்தது. ஸ்க்ரிம்ஷோ, கோர்டன் என்ற இருவரோடு சேர்ந்து டெய்லர் இரண்டையும் ஒரே கயிற்றில் முடிந்து காட்டினார். மெலிந்த பிள்ளைக்குத் தட்டம்மை, வயிற்றோட்டம் எது வந்தாலும் கடுமையாக வரும், வந்தால் சாப்பாடு இறங்காது, உடம்பு இன்னும் வற்றும், அந்த வற்றலோடுதான் அடுத்த காய்ச்சலைச் சந்திக்கும். 1968இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நூலாகவே வெளியிட்டது. 'மழைக்கு முந்தி தேத்திடணும்' என்று அம்மா சொன்னதும் இதுதானே.

இதைப் பஞ்சாபின் நரங்வால் கிராமங்களில் அவர் சோதித்தும் பார்த்தார். சில கிராமங்களில் சத்துணவு, சிலவற்றில் நோய்க்குச் சிகிச்சை, சிலவற்றில் இரண்டும், ஒப்பிட்டுப் பார்க்க இவை இல்லாத சில கிராமங்கள். சேவை போன இடங்களில் பிள்ளைச் சாவு குறைந்தது. அந்த வேலையைக் கிராமத்திலேயே தங்கிச் செய்தவர்கள் டொக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண்கள். வீடு வீடாகப் போவார்கள், நிமோனியா என்று கண்டால் பெனிசிலினைத் தாங்களே கொடுப்பார்கள். டொக்டர் கையெழுத்தில்லாமல் மருந்து அசையாத காலத்தில் இது சாதாரண நம்பிக்கை இல்லை.

எங்கள் கோயிலில் போதகர் வீடுகளுக்குப் போவதை 'விசாரிப்பு' என்பார்கள். போய் உட்கார்ந்து, அடுப்பு எரிகிறதா, யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பது. டெய்லரின் விசுவாசத்தையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1978இல் 'எல்லோருக்கும் சுகாதாரம்' என்று உலகம் அறிவித்த அல்மா அட்டா மாநாட்டை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர், ஆனாலும் தொண்ணூறை நெருங்கிய வயதில் ஆப்கானிஸ்தான் கிராமங்களுக்குப் போனதுதான் என்னை அசைத்தது. 2010இல், 93 வயதில் காலமானார்.

நம் நாட்டில் களுத்துறையில் நோய்த்தடுப்புக்கென்று முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது 1926இல். அதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் தோட்டத்து ஜனங்களின் ஆரோக்கியம் வெகுகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 வீதம். எனக்கு இது கோபமாகவே இருக்கிறது.

போன ஞாயிறு அம்மாவிடம் டெய்லரைப் பற்றிச் சொன்னேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், பெனிசிலின் வந்த இடத்தில் கையை நிறுத்தினார்.

"மருந்த அந்தப் பொம்பளப் புள்ளைங்க கையிலயேவா குடுத்தாரு?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மேல் லயத்துப் பையன் கார்டு இன்னும் அவங்கம்மாகிட்ட இருக்கு. பொட்டிக்குள்ள வச்சிருக்கா" என்றார்.