ஃபினாயிலும் இட்லி மாவும்

சென்னைக்குத் தெற்கே, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் சமுதாய அமைப்பாளராகச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். ஃபினாயில், மெழுகுவத்தி, சணல் பை. மகளிர் குழுக்களுக்கு இவற்றில் பயிற்சி கொடுக்க வேண்டும். பட்டியலை யார் போட்டது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அங்கே இருப்பவர்களில் பலர் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்தவர்கள். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி, இப்படி வரிசை வரிசையாக 20,000 வீடுகளுக்கு மேல். பழைய இடத்தில் ஒருவர் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்து விற்றார், இன்னொருவர் தெருமுனையில் இட்லி சுட்டார். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி வந்ததும் வாடிக்கை போய்விட்டது. கைத்தொழில் மட்டும் மிச்சம். அந்தக் கைத்தொழிலை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஃபினாயில் முதல் மாதம் நன்றாகத்தான் போனது. வாங்கியதெல்லாம் சொந்தக்காரர்கள். இரண்டாம் மாதம் கேன்கள் கட்டிலுக்கு அடியில் போயின. மளிகைக் கடைக்காரர் கம்பெனி பாட்டிலைக் கடனுக்குத் தருவார், குழுவால் அது முடியாது. மெழுகுவத்தியைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஓர் அக்கா சொன்னார்: "கரண்டு போனா செல்லு லைட்டுதான் சார். இதை யாரு வாங்குவா?"

சரி, என்னதான் வாங்குகிறார்கள் என்று பார்க்க ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் கடையிலேயே உட்கார்ந்தேன். பால் பாக்கெட், தண்ணீர் கேன், இட்லி மாவு. மாவு வெளியிலிருந்து வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இட்லி சுட்ட அக்காக்கள் மாடியில் சும்மா இருந்தார்கள்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் குழுவுக்கு வந்த சுழல்நிதி 10,000 ரூபாய். அதோடு சேமிப்பையும் போட்டு, ஆறு பேர் பழைய கிரைண்டர் ஒன்று வாங்கினார்கள். ஐந்தாம் மாடியில் வைத்தார்கள். லிஃப்ட் நின்ற நாட்களில் அரிசி மூட்டை படியேறியது, அரைத்த மாவு படியிறங்கியது. வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கி பாக்கெட் வெடிக்கும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் செய்யலாமா என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். தேவைப்பட்டது தரைத்தளத்தில் ஓர் அறை. அதற்கு நான் எழுதிய மனுக்களைச் சேர்த்தால் ஒரு சின்ன நோட்டு வரும். பயிற்சிக்குப் பணம் ஒரே வாரத்தில் வந்தது, அறை வர எட்டு மாதம்.

இடையில் ஒரு கூட்டத்தில் லண்டனின் காயின் ஸ்ட்ரீட்டைப் படம் போட்டுக் காட்டினார்கள். தேம்ஸ் தென்கரையில் 1984இல் குடியிருப்பாளர்களின் அமைப்புக்கு 13 ஏக்கர் நிலம் கிடைத்தது, சந்தை விலையைவிட மிகக் குறைவாக. கடைகள், உணவகங்கள் தரும் வாடகை அந்தப் பகுதிக்கே திரும்புகிறது. கூட்டத்தில் எல்லோரும் அவர்களுடைய ஒற்றுமையைப் பாராட்டினார்கள். என் கண்ணில் பட்டது அந்த 13 ஏக்கர். அவர்களுக்கு முதலில் இடம் கிடைத்தது. நாங்கள் பயிற்சியில் ஆரம்பித்தோம்.

மாவில் வரும் வருமானம், நகரத்துக்குள் போய்ச் செய்யும் வீட்டுவேலையின் சம்பளத்தைவிடக் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். பஸ்ஸில் போய்வரும் மூன்று நான்கு மணி நேரம் மிச்சமாவதால்தான் அது கட்டுப்படியானது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், ஆறு பேரில் இருவர் பழைய வீடுகளுக்கே வேலைக்குப் போனார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். குழுத் தலைவி சிரித்தார். "அவங்க போற வீட்டுக்கும் நம்ம மாவுதான் சார் போவுது."

அறைச் சாவி கைக்கு வந்த அன்று தரையெல்லாம் எலிப் புழுக்கை, பழைய சிமெண்டுத் தூள். யாரோ மாடிக்கு ஓடி, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஃபினாயில் கேனைத் தூக்கி வந்தார்கள். இரண்டு முறை கழுவினோம். சரக்கு நல்ல சரக்குதான்.