லண்டன் – நியூயார்க்: போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் சுலபம். ஹீத்ரோவிலிருந்து கென்னடி விமான நிலையம் வரை சுமார் 5,550 கி.மீ. எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் சிக்கல். போகிறீர்களா, வருகிறீர்களா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

என் டிக்கெட்டில் நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்று போட்டிருந்தது. இந்தக் கணக்கு, விமானம் ஒரு நிலையத்தின் வாசலை (கேட்) விட்டு நகர்வது முதல் அடுத்த நிலையத்தின் வாசலில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்காக வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். நிஜமாகப் பறக்கும் நேரம் இன்னும் குறைவு.

எனக்கு விமானத்தில் படம் பார்ப்பதைவிட, திரையில் நகரும் வரைபடத்தைப் பார்ப்பதுதான் பிடிக்கும். நியூயார்க் லண்டனைவிடப் பத்து பாகைக்கு மேல் தெற்கே இருக்கிறது. ஆனாலும் கிளம்பியதும் விமானம் வடமேற்காகத்தான் திரும்பியது. அயர்லாந்து, அப்புறம் வெறும் கடல், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, அதன் பிறகே தெற்குப் பக்கம் இறங்கியது. சுற்றுவழி மாதிரி தெரியும். ஆனால் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது போகிற வழியும் இதுதான்.

போகும்போது திரையில் வேகம் மணிக்கு 780 கி.மீ.யைத் தாண்டவே இல்லை. திரும்பும்போது 1,050-க்கு மேல் காட்டியது. எஞ்சினில் மாற்றமில்லை, எல்லாம் காற்றின் வேலை. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் போகும்போது எதிரே நிற்கிறது, வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில் இதன் பலம் இன்னும் அதிகம். இது ஓடும் இடமும் நாளுக்கு நாள் மாறும். அதனால் அட்லாண்டிக்கின் மேலே விமானங்கள் போகும் தடங்களைத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். மேற்கே போகும் தடங்கள் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பு. கிழக்கே வருபவை கனடாவின் கேண்டர் மையத்தின் பொறுப்பு. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 1996-இல் ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் இதே வழியை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தது வேறு கதை.

சரி, போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாமே என்று தோன்றும். அதுதான் இல்லை. காற்றில்லாமல் 900 கி.மீ. வேகத்தில் போய் வந்தால் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். 150 கி.மீ. காற்று அடித்தால் போக ஏழே கால் மணிக்கு மேல், வர ஐந்தே கால் மணிக்கு மேல், மொத்தம் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

கடிகாரம் இன்னொரு குழப்பம். இரண்டு ஊருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். ஆனால் மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொண்டு கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால், பிரிட்டனும் மாற்றும் வரை சில வாரங்களுக்கு நான்கு மணிதான். அந்த நாட்களில் யாரையாவது அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

திரும்பி வரும் இரவு விமானத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாப்பாடு முடிந்து விளக்கை அணைப்பார்கள். கண் அசந்த கொஞ்ச நேரத்திலேயே காலை உணவு வந்துவிடும். காற்று பலமாக இருந்தால் தூக்கம் இன்னும் குறையும். காலை எட்டு மணி வாக்கில் நியூயார்க்கில் ஏறி, இரவு எட்டு மணி வாக்கில் லண்டனில் இறங்கும் பகல் விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. கிடைத்தால் அதையே எடுங்கள், ஜன்னல் இருக்கையாகப் பார்த்து.