வளைந்த கம்பி எந்தக் காருடையது?

பழைய கார்களின் உதிரிபாகங்களைப் பார்த்து, எது எந்த வண்டியுடையது என்று சொல்வதுதான் என் வேலை. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மாதிரி சாமான் வந்தால் அவ்வளவு சிரமமில்லை. எங்காவது ஒரு எண் இருக்கும், தயாரித்தவர் பெயர் இருக்கும். கியர் லிங்கேஜ், அதாவது கியர் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பி, அப்படியில்லை. இரண்டு முனையிலும் துளை, நடுவில் மூன்று நான்கு வளைவு, மேலே துரு, அவ்வளவுதான். யாரோ ஒருவர் காரைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருப்பார். பல வருடம் கழித்து அந்தப் பெட்டி வேறொருவர் கைக்கு வந்திருக்கும். அவர் படம் எடுத்து அனுப்பி, "இது எதோட பார்ட் சார்?" என்று கேட்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் எண்ணைத்தான் தேடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கம்பி தள்ளியதா, இழுத்ததா, இரண்டும் செய்ததா? கியர் மாற்றும் கம்பி இரண்டும் செய்தாக வேண்டும். அதனால் இரண்டு முனையிலும் பின்னோ கிளிப்போ போட்டுப் பிடிக்க வழி இருக்கும். ஒரு முனை உருண்டையாக, எதையும் பிடிக்காமல் வெறுமனே ஒரு குழியில் போய் உட்காருகிற மாதிரி இருந்தால் அது தள்ள மட்டுமே தெரிந்த கம்பி. பெரும்பாலும் கிளட்ச் ஃபோர்க்குக்கு, அதாவது கிளட்சை விலக்கும் நெம்புகோலுக்கு, போவது. ஒரு முனையில் வட்டத் துளைக்குப் பதில் நீளமான பிளவு இருந்தால் கார்புரேட்டர் பக்கம் யோசிப்பேன். கியர் லிங்கேஜ் என்று எழுதி வருகிற பெட்டிகளில் இந்த இரண்டு வகையும் தாராளமாகக் கலந்திருக்கும்.

அடுத்தது வளைவு. எந்தத் தொழிற்சாலையும் அழகுக்காகக் கம்பியை வளைப்பதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் செலவு உண்டு. சைலன்சர் குழாயோ, குறுக்குச் சட்டமோ, ஸ்டியரிங் பாக்ஸோ வழியில் நின்றிருக்கும், அதைச் சுற்றிப் போக வளைத்திருப்பார்கள். அப்புறம் தேய்மானம். செருப்பின் தேய்மானத்தை வைத்து ஆளின் நடையைச் சொல்கிற மாதிரி, துளை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தத் திசையில்தான் இழுவிசை இருந்திருக்கிறது. கொஞ்சம்கூடத் தேயாத துளை ஒன்று லீவரில் இருந்தால் "இதில் ஏதோ காணாமல் போய்விட்டது" என்று பதறுவார்கள். கியர் மாற்றும் பிடி பொருந்தியிருக்கும் அமைப்பான ஷிஃப்டர்கள் பலவற்றில் அது நியூட்ரலில் லீவர்களை நேராக நிறுத்தி, கால் அங்குலப் பின்னைச் செருகிக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்வதற்கான துளை. வேலை முடிந்ததும் பின்னை உருவிவிடுவார்கள். தேயாமல் இருப்பதே அதன் அடையாளம்.

கியர்பாக்ஸ் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டியரிங் தண்டில் (காலம்) கியர் லீவர் உள்ள மூன்று ஸ்பீடு வண்டிகளில் வழக்கமாக இரண்டு கம்பிகள்: ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு ஸ்பீடு பாக்ஸ்களில் மன்சி, சாகினா இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். சாகினாவில் மூன்று லீவர்களும் பக்கவாட்டு மூடியிலேயே இருக்கும். மன்சியில் அங்கே இரண்டுதான். ரிவர்ஸ் லீவர் பின்னால் நீண்டிருக்கும் கூட்டில் இருக்கும். ஆகவே ஒன்றின் ரிவர்ஸ் கம்பியை மற்றதற்குக் கொடுத்தால் பொருந்தாது.

மரை, அதாவது கம்பி முனையில் நட்டு ஏறும் திருகு வரி, விஷயத்தில் கண்ணை நம்பவே மாட்டேன். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் கம்பியோடு பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அதே 5/16 அங்குலத்தில் பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் மரைக்கு அங்குலத்துக்கு 22 சுற்று, யுஎன்எஃப் என்ற பிற்கால மரைக்கு 24. மரையின் கோணமும் 55 டிகிரி, 60 டிகிரி என்று வேறு. நட்டு கொஞ்சம் ஏறி இறுகும், போகிறது என்று ஸ்பானரை வைத்துத் திருப்பினால் இரண்டும் கெடும். மரை கேஜ் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. நாட்டையும் காலத்தையும் அதுவே ஓரளவு சொல்லிவிடும்.

எண் கிடைத்தாலும் அதை உடனே கேட்டலாகில் தேட முடியாது. ஃபோர்டு எண்களில் 'சி5' என்று தொடங்கினால் 1965; நடுவில் 7000 வரிசை வந்தால் கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு வடிவமைத்த ஆண்டுதான். அதே பாகம் அடுத்தடுத்த வருட வண்டிகளிலும் ஓடியிருக்கலாம். உலோகத்தில் இருக்கும் பொறியியல் எண் ஒன்று, கேட்டலாகில் விற்பனைக்குப் போட்ட எண் வேறொன்று. இதில் வார்ப்பு எண், அதாவது உலோகத்தை வார்க்கும்போதே பதியும் எண், தனிக் கதை. ஒரே வார்ப்பில் வெவ்வேறு துளை போட்டு வெவ்வேறு பாகமாக்கியிருப்பார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் 'அநேகமாக இதுதான்' என்ற இடத்திலேயே நிற்க வேண்டி வரும். மேனுவல் கியர் கம்பியென்றால் அப்படிச் சொல்லியே அனுப்பிவிடலாம். மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பொருந்தாவிட்டால் கியர் விழாது. ஆட்டோமேட்டிக் விஷயத்தில் அந்தத் தைரியம் எனக்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350 ஆட்டோமேட்டிக் பாக்ஸில் கிக்டவுன் கேபிள் இல்லாவிட்டால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கியர் கீழே இறங்காது, அவ்வளவுதான். கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் பாக்ஸில் அதே இடத்தில் இருக்கும் கம்பி உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. நீளம் தப்பினால், அல்லது அது இல்லாமலே ஓட்டினால், அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். அதனால் இந்த வகையில் 'அநேகமாக' என்று சொல்லி நான் எதையும் விற்பதில்லை. இதில் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

அடிக்கடி வரும் இன்னொரு மர்மக் கம்பி, 1969 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுடையது. தரையில் கியர் இருக்கும், ஆனாலும் ரிவர்ஸ் லீவரிலிருந்து ஒரு கம்பி ஸ்டியரிங் தண்டை நோக்கிப் போகும். வண்டியை ரிவர்ஸில் போட்டால்தான் சாவியைப் பூட்டி எடுக்க முடியும் என்பதற்கான ஏற்பாடு அது. முன்பு வண்டியைக் கையாண்டவர்கள் பலர் இதைத் தேவையில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டதால் தனியாகவே நம்மிடம் வந்து சேரும். உரிமையாளர் ஷிஃப்டரோடு ஒப்பிட்டு, "மூணு கம்பிக்கும் இடம் இருக்கு, நாலாவது எங்க போகுது?" என்று கேட்பார். ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அங்கே சும்மா நிற்கும் ஒரு சின்ன லீவரில், கிளிப் உரசிய தடம் பெரும்பாலும் இருக்கும்.