அம்மாவின் படத்தோடு வரச் சொன்ன மருத்துவர்

பள்ளியில் என்னைப் பூரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது கிலோ எடை குறைத்த பிறகும் கன்னம் மட்டும் உப்பியே இருந்தது. 29 வயதில், கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்புத் திரளை எடுக்கும் அறுவைச் சிகிச்சை பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் போன இடத்தில், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் முன்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், பற்களை இறுகக் கடிக்கச் சொல்லித் தாடையோரத்தை அழுத்திப் பார்த்தார். சிலருக்கு மெல்லும் தசை பெருத்திருப்பதால் முகம் அகலமாகத் தெரியுமாம். அவர்களுக்குக் கொழுப்பை எடுத்துப் பயனில்லையாம். எனக்குத் தசை சரியாகவே இருந்தது. அடுத்த முறை வரும்போது அம்மாவின் பழைய படங்களையும் இப்போதைய படத்தையும் கொண்டுவரச் சொன்னார்.

என் வயதில் அம்மாவுக்கும் இதே கன்னம்தான். ஐம்பதைத் தாண்டியதும் ஒட்டிவிட்டது. "உங்கள் முகமும் இப்படிப் போக வாய்ப்பு உண்டு. எடுத்த கொழுப்பு திரும்ப வளராது. யோசித்துவிட்டு வாருங்கள்" என்றார். இரண்டு மாதம் யோசித்தேன். கீறியதும் தானாகப் பிதுங்கி வரும் கொழுப்பை மட்டும் எடுப்பது, உள்ளே துழாவி இழுப்பதில்லை என்று பேசிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். முழு மயக்கம் இல்லை. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் சிறிய கீறல். வெளியே தழும்பே விழாது. ஆனால் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடமும், முகத்தை அசைக்கும் நரம்புக் கிளைகளும் அங்கேயே பக்கத்தில் இருக்கின்றன. அவசரக்காரர் கையில் இதை ஒப்படைக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். வலி தெரியவில்லை, இழுபடுவது மட்டும் தெரிந்தது. பக்கத்துக்கு ஓர் அரைநெல்லிக்காய் அளவு, வெண்ணெய்போல் மஞ்சளாக வந்தது. குழந்தை பால் உறிஞ்சும்போது கன்னம் உள்ளே ஒடுங்கிவிடாமல் தாங்குவது இந்தக் கொழுப்புதான் என்றார் மருத்துவர். அதைக் கேட்டதும் மனம் என்னவோ செய்தது.

மூன்றாம் நாள்தான் மிகவும் கஷ்டம். முகம் முன்பைவிடப் பெரிதாக வீங்கி, இடப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தது. கண்ணாடி முன் நின்று அழுதேன். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ, சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணினாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், எதுவும் இல்லை. ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்து உறக்கம், சாப்பிட்டதும் மருந்து நீரால் கொப்பளிப்பு, ஆறவைத்த கஞ்சி, மோர். ஒரு வாரம் வாயை அகலத் திறக்க முடியவில்லை. கொட்டாவி விடக்கூடப் பயம். தையல் தானாகவே கரைந்துபோனது. பத்தாம் நாள் காரமில்லாத ரசம் சாதம் சாப்பிட்டேன்.

வடிவம் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. மாற்றம் சிறியதுதான், கன்னத்து எலும்புக்குக் கீழே மெல்லிய நிழல் விழுகிறது. இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமோ என்று இடையில் ஒருநாள் தோன்றியது. அம்மாவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதன்பின் தோன்றவில்லை.