கபச்சுரப்பிக் கட்டியும் கந்தசஷ்டி விரதமும்

எனக்கு மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பியில் (பிற்றியூட்டரி) 7 மில்லிமீற்றர் கட்டி. பத்துக்குக் குறைவென்றால் சின்னக் கட்டி என்று கணக்கு. புற்றுநோய் இல்லை. ஆனால் புரோலக்ரின் என்ற ஓமோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். அதனால் மாதவிடாய் நின்றுபோகும், பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும். எனக்கு இரண்டும் வந்தன.

இரத்தத்தில் புரோலக்ரின் கூட என்று வந்தவுடன் ஸ்கானுக்கு ஓடவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் காசு கட்டிப் பார்த்த ஓமோன் நிபுணர் முதலில் கர்ப்பமா என்று பார்த்தார், அப்புறம் தைரொய்ட். தைரொய்ட் குறைந்தாலும் புரோலக்ரின் ஏறுமாம். பிறகு, "வயித்துக்கு ஏதும் குளிசை போடுறனீங்களோ?" என்று கேட்டார். வாந்திக்கும் வயிற்று ஊதலுக்கும் கொடுக்கிற டொம்பெரிடோன் நான் அடிக்கடி போடுவது. அதுவும் புரோலக்ரினை நன்றாகவே ஏற்றிவிடும் என்றார். நிற்பாட்டிவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தேன். இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எழுதினார். ஸ்கானைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாய ஊசி, காதைப் பிளக்கும் சத்தம், அவ்வளவுதான்.

மருந்து கபர்கோலின். கிழமைக்கு இரண்டு தடவை அரைக் குளிசை, இரவு சாப்பிட்ட பிறகு. மூளையில் சுரக்கிற டோபமின் என்ற இரசாயனம் செய்கிற வேலையை இது செய்து, புரோலக்ரின் சுரப்பதை அடக்கும். ஆரம்பத்தில் குமட்டலும், எழும்பி நின்றால் தலைசுற்றலும் இருந்தன.

இந்த நேரத்தில் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினா. ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்ததாம், விரதம் இருந்தால் உடம்பின் கலங்கள் (செல்கள்) தங்கள் கழிவைத் தாங்களே தின்னுமாம், கட்டியும் கரையுமாம். கந்தசஷ்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அது முருகனே அனுப்பிய செய்தி. ஆறு நாளும் பட்டினி கிடக்கச் சொல்லி ஒரே பிடியாக நின்றா.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேட்டேன். சிரிக்காமல் விளக்கினார். ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை, ஆனால் அவர் ஆராய்ந்தது மதுவக் (ஈஸ்ட்) கலங்களை. கட்டிக்கு விரதம் மருந்து என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கலம் தன் பழுதான பாகங்களை ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்து, கலத்தின் கழிவு உடைக்கும் பையான லைசோசோமிடம் கொடுத்து உடைத்து, கிடைத்ததை மறுபடி பயன்படுத்துகிறது. இதுதான் ஒட்டோபேஜி. சாப்பாடு குறைந்தால் கலத்தை வளரத் தூண்டுகிற எம்-ரோர் (mTOR) என்ற புரதம் அடங்கி இது கூடும் என்பதும் சரிதான். சிக்கல் அதற்குப் பிறகு. நெருக்கடியில் கட்டிக் கலமும் இதே வழியால் உயிர் பிழைக்கலாம். அளவு மிஞ்சினால் சாகவும் செய்யலாம். ஆய்வுகூடத்தில் எலிகளின் கபச்சுரப்பிக் கட்டிக் கலங்களில் கபர்கோலினே எம்-ரோரை அடக்கி ஒட்டோபேஜியைத் தூண்டி, கலங்களைச் சாகடித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒட்டோபேஜியின் கடைசிப் படியை அடைத்துவிடுகிற மலேரியா மருந்தான குளோரோகுயினையும் சேர்த்தபோது இன்னும் கூடச் செத்தன. ஆகவே கூட்டினால் நல்லது என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. அதோடு இதெல்லாம் ஆய்வுகூடக் கணக்கு. மருந்துச் சீட்டில் எழுதுகிற விஷயம் அல்ல.

சரி, விரதம்? பக்திக்காக இருங்கோ, கட்டிக்காக வேண்டாம், தண்ணீரை விடவேண்டாம், வெறும் வயிற்றில் குளிசை போடவேண்டாம் என்றார். இந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். பட்டினியோடு சேர்ந்தால் கோயிலிலேயே மயங்கி விழலாம். அம்மா ஆறு நாளும் இருந்தா. நான் இரவில் ஒருநேரம் சாப்பிட்டு, அதன்பின் குளிசை போட்டேன்.

சில மாதங்களில் புரோலக்ரின் சாதாரண அளவுக்கு வந்தது, மாதவிடாயும் திரும்பியது. அடுத்த ஸ்கானில் கட்டி சுருங்கியிருந்தது. அதற்காக நிற்பாட்ட முடியாது. குறைந்தது இரண்டு வருடம் போட்டபின், புரோலக்ரின் சரியாக இருந்து ஸ்கானிலும் கட்டி தெரியாவிட்டால் குறைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். கல்யாணமானவர்களுக்கு ஒன்று: இந்த மருந்து தொடங்கினால் மாதவிடாய் திரும்ப முன்பே கரு தங்கக்கூடும், முதல் நாளே டொக்டரிடம் கதைத்துவிடுங்கள்.